பேர் விழாத சனிக்கிழமைகள்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைப்பக்கம் பாடத்துறைத் தலைவி, பேராசிரியை எலன். அவருக்கு வலப்பக்கம் மாணவர் அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டரோடு வந்திருந்த ஒரு பெண். பெயர் சொன்னாள், பதற்றத்தில் எனக்குப் பதியவில்லை. இடப்பக்கம் டேவ், என் மகளுக்கு மைதானத்தில் வேலை பழக்கியவர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டி வைத்திருந்தார். எதிரில் என் மகள் தர்ஷினி. அவளுக்கு அடுத்தாற்போல் என் மனைவி சரசு, கூட்டமான பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கடைசியாக நான், கதவோரத்து நாற்காலியில். யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. எந்த ஆபீசுக்குப் போனாலும் கதவோரம்தான் எனக்கு வசதி.

அது நடந்து இந்த நவம்பரோடு மூன்று வருடம். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் இலங்கையில் எங்கள் ஊர் நிவித்திகலையிலிருந்து ஒரு போன் வந்தது. சரசுவின் தம்பி மகள் பிரியா. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிற பிள்ளை.

"மாமா, போன மாசம் ஓடுறப்ப எனக்குக் கால் பிசகிருச்சி. ஆளாளுக்கு ஒரு எண்ணெய தேச்சாங்க. இன்னும் நொண்டுறேன். தர்ஷினி மதினி இதுக்குத்தானே படிச்சாங்க? அந்தப் படிப்புக்கு நான் என்னா செய்யணும்?"

"போன்ல சொன்னா நிக்காதும்மா. எழுதி அனுப்புறேன்."

"நீங்க எழுதுவீங்களா, இல்ல அத்தை எழுதுவாங்களா?" என்று சிரித்தாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன் என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். போகிற வழியைச் சொல்லுவது லேசு என்று நினைத்தேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, அந்த வழி நான் சொன்ன அறைக்குள் புகுந்துதான் போகிறது. அதைத் தாண்டிக் குதித்து எழுத வரவில்லை. அதனால் பிரியாவுக்கு எழுதியதை எல்லாரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்து அப்பா அம்மாமார் யாராவது நான் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும்.

2

பிரியா, முதலில் இதைத் தெரிந்துகொள். இது கோச் வேலை இல்லை. ஜிம்மில் எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிற வேலையும் இல்லை. 'அத்லெட்டிக் ட்ரெய்னர்' என்று பெயர் இருப்பதால் நானே ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாடுகிறவர்களுக்கு அடிபடாமல் பார்க்க வேண்டும். அடிபட்டால் முதல் ஆளாக ஓடிப்போய், டாக்டரிடம் அனுப்பலாமா, ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பிள்ளை மறுபடி களத்தில் இறங்குகிற வரை கூட இருந்து காலையோ தோளையோ பழக்கி எடுக்க வேண்டும். இதுதான் வேலை.

நீ உயிரியலை விட்டுவிடாதே. இங்கே அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். ஆனால் சேர்ந்தவுடன் இந்தப் படிப்பில் இடம் கிடைக்காது. முதலில் உடம்பின் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் படிக்க வேண்டும். மைதானத்தில் ஓரமாக நின்று மூத்தவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு துறைக்குத் தனியாக விண்ணப்பம், நேர்முகம். தர்ஷினியோடு விண்ணப்பித்த பல பிள்ளைகள் வேறு படிப்புக்குத் திரும்பிப் போனார்கள். முன்பு ஒரு ட்ரெய்னரிடம் வேலை பழகிக்கொண்டே பரீட்சை எழுதுகிற வழி ஒன்றும் இருந்ததாம். இவள் சேருகிற நேரத்தில் அதை மூடிவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும்தான் இப்போது பரீட்சை. பரீட்சையில் தேறினால், எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநிலத்து உரிமம் வாங்க வேண்டும்.

நடுவில் இருப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு பருவத்துக்கும் உன்னை ஓரிடத்தில் வேலை பழக விடுவார்கள். ஒரு தரம் ஹைஸ்கூல் ஃபுட்பால் குழு (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி விழுகிற இந்த ஊர் ஃபுட்பால்), ஒரு தரம் பெண்கள் கைப்பந்து, ஒரு தரம் கிளினிக். அங்கே உரிமம் பெற்ற ஒருவர் உனக்கு மேற்பார்வை. நீ காயத்தைத் தொடுகிறபோது அவர் உன்னைப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். உன் கை பிசகினால் அவர் கை நீட்டித் தடுக்கிற தூரம். அவர் இல்லாத நேரம் நீ எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது படிப்பில் சேராது. செய்யவும் கூடாது.

இந்தப் பகுதியை தர்ஷினிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தக் கடைசி வரிக்குக் கோடு போடுங்கப்பா" என்றாள். இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இந்த வேலை பழகுகிற காலத்துக்குச் சம்பளம் கிடையாது. இதைத்தான் என்னால் விழுங்க முடியாமல் போனது.

3

இங்கே கொஞ்சம் நம் கதை சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் நிவித்திகலைக்கு மேலே, பாதி தேயிலை, பாதி ரப்பர். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். தோட்டத்து ஆட்களுக்குப் 'பேர்' என்றால் என்ன என்று தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிய முன்னே, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். வேலை பிரித்துக்கொடுப்பார்கள். சாயந்தரம் வேலை சரி என்று கணக்கப்பிள்ளை ஒத்துக்கொண்டால் அன்றைக்குப் 'பேர் விழும்', அதாவது ஒரு நாள் சம்பளம். பால் குறைந்தால், கொழுந்து எடை குறைந்தால், அரைப்பேர். முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு அரைப்பேர் வாங்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்புகிற ஆள் மனைவியின் முகத்தைப் பார்க்கமாட்டான்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்த நேரம், அரைப்பேர் அதிகமானது. ஒரு நாள் மழை. பால் வெட்ட முடியாது. எங்களில் ஏழு பேரைக் கான் வெட்ட, அதாவது தண்ணீர் ஓடுகிற வடிகால் வெட்ட, அனுப்பினார்கள். நாள் முழுக்க சேற்றில் நின்று வெட்டினோம். சாயந்தரம் பார்த்தால் ஏழு பேருக்கும் அரைப்பேர்.

நான் பயந்த சுபாவக்காரன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். தபால்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே சரசுவை முன்னால் அனுப்புவேன். அப்படிப்பட்ட நான் எப்படியோ மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பேசவில்லை. சும்மா நின்றேன். மற்ற ஆறு பேரும், "விடுப்பா, பகைச்சிக்கிட்டு என்னா செய்ய" என்று மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய கிளாக்கர் சிங்களவர், மோசமான மனுசன் இல்லை. வெளியே வந்து, "முருகேசு, கெதர யன்ன" என்றார், வீட்டுக்குப் போ என்று. நான், "ஹரி மாத்தயா" என்றேன். சரி ஐயா என்று சொன்னேனே தவிர, போகவில்லை. மத்தியானம் சரசு பள்ளிக்கூடம் விட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். கூடவே தர்ஷினி. ஐந்து வயது. நான் நின்றுகொண்டே தின்பதைப் பார்த்து, "அப்பா, ஏன் ஒக்காரல?" என்று கேட்டது.

பொழுது சாய்கிற நேரம் ஏழு பேருக்கும் முழுப்பேர் போட்டார்கள்.

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தபோது சொன்னேன்: "செஞ்ச வேலைக்குப் பேர் விழுகிற வரைக்கும் எடத்தவிட்டு அசையக்கூடாது கண்ணு."

என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். அதனால் அதை இங்கே வந்தும் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த மழைக்கு அந்த ஏழு பேருக்கும் வேலையே கொடுக்கவில்லை, அதற்கடுத்த மழைக்கும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னதில்லை. சரசுதான் சில நேரம் சமையலறையிலிருந்து, "மிச்சத்தையும் சொல்லுங்க" என்பாள்.

4

அமெரிக்க விசா லாட்டரி விழுந்தது சரசுவுக்கு. படித்தவள் பெயரில்தான் விண்ணப்பம் போட முடியும். "உங்க அப்பா என் பெட்டி சாமான்ல ஒண்ணா வந்தவரு" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். தொண்ணூற்றேழில் வந்து ஒஹாயோவில் இறங்கினோம். அங்கே டீச்சராக இருந்தவள் இங்கே குழந்தைகள் காப்பகத்தில் உதவியாள். நான் ஓர் ஓட்டலில் சலவைப் பகுதியில் துவாய் மடிக்கிறேன். இன்றைக்கும் அதே வேலை.

பத்து வயதில் வந்த தர்ஷினி, மூன்றே வருடத்தில் எங்களை விட்டு வேகமாகப் போய்விட்டாள். கடிதம் வந்தால் அவள்தான் வாசிப்பாள். வங்கியில் அவள்தான் பேசுவாள். எனக்கு இங்கிலீஷில் ஒரு கேடு, பயந்தால் இங்கிலீஷ் போய் சிங்களம் வந்துவிடும். ஒரு தரம் ரோட்டில் போலீஸ்காரர் காரை நிறுத்தியபோது, "ஹரி மாத்தயா, ஹரி" என்று சொல்லிவிட்டேன். பின் சீட்டில் இருந்த பிள்ளை சாய்ந்து படுத்து முகத்தை மூடிக்கொண்டது.

அவள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரிலிருந்து அண்ணன் போனில், "மக என்னாப்பா படிக்குது?" என்று கேட்பார். "ஆஸ்பத்திரி சம்பந்தமா" என்பேன். அதற்கு மேல் கேட்டால், "சத்தம் சரியா வரலண்ணே" என்று வைத்துவிடுவேன்.

மூன்றாம் வருடம், இலையுதிர் பருவத்தில், அவளை ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் குழுவில் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை குளிராக இருந்தது. குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். காய்ச்சல் வருமோ, நிமோனியாவாகுமோ என்று நினைத்து, இரண்டு பஸ் மாறி ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு தடிப்பயல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். என் மகள் அவன் பாதத்தைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கணுக்காலில் பட்டித்துணி சுற்றுகிறாள். வரிசையில் இன்னும் நாலைந்து பையன்கள், ஒவ்வொருவனாகக் காலைக் கொடுக்க. நடுநடுவே யாரோ கூப்பிட, தண்ணீர் போத்தல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

நான் ஜாக்கெட்டைக் கொடுக்கவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்பளைப் பயல்கள் காலைப் பிடிக்கவா தோட்டத்தைவிட்டு இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன்.

"தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ஒங்க கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டாரே, அப்ப அவரு மானம் போயிருச்சா?" என்றாள்.

"அவரு ஆம்பள."

"அப்ப மருத்துவச்சி?"

ஜாக்கெட்டை ஆணியில் மாட்டினேன். மனசு ஆறவில்லை.

இரண்டு வாரம் கழித்து சாப்பாட்டு மேசையில் தர்ஷினி சந்தோசமாகச் சொன்னாள். "இன்னைக்கு ஒருத்தன் தலைகுப்புற விழுந்துட்டான்பா. கோச் வந்து தூக்குங்கன்றாரு. நான் விடல. தலையக் கையில புடிச்சிக்கிட்டேன், அசையாம. கழுத்துல அடின்னா தூக்குனா போச்சி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் புடிச்ச கைய எடுக்கல."

"அந்த டேவ் எங்க?"

"பக்கத்து ஃபீல்டுல இன்னொரு மேட்ச். சனிக்கிழமைன்னா அவரு அங்க போயிருவாரு. சின்னப் பசங்க டீமுக்கு நான்தான்."

"நீ மட்டுமா?"

"நாலு சனிக்கிழமையா நான் மட்டும்தான்."

அவளுக்கு அது பெருமை. சரசு அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

"அப்ப சம்பளம் அவருக்கு, வேலை ஒனக்கு" என்றேன்.

"அய்யோ அப்பா. இது படிப்பு."

"படிப்புன்னா பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கணும். தனியா விட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு வேலை. செஞ்ச வேலைக்கு..."

"பேர் விழணும், தெரியும்பா, ஒக்காருங்க" என்று அவள் முடித்தாள். மூவரும் சிரித்தோம். அவர்கள் இரண்டு பேரும் அத்தோடு மறந்துவிட்டார்கள்.

5

நான் மறக்கவில்லை. காலைப் பிடிக்கிறாளே என்கிற வெட்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவனுக்கு இது ஒரு வழியாகத் தெரிந்தது. கால் பிடிப்பதே வேலையாக இருக்கட்டும், அதற்குப் பேராவது விழட்டும் என்று.

அரை நாள் லீவு போட்டேன். கொழும்பில் விசா நேர்முகத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். துறை ஆபீசுக்குப் போய் வாசலுக்கு உள்பக்கமாக நின்றேன். மேசையில் இருந்த பெண், "உதவி வேண்டுமா?" என்றாள். "புரொபசர்" என்றேன். உட்காரச் சொன்னாள். "நோ, தேங்க்யூ" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி "நோ, தேங்க்யூ." கோட்டுப் போட்ட ஓர் ஆள் பேசாமல் கதவோரம் நின்றுகொண்டே இருந்தால் இந்த ஊரில் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் போனை எடுத்துத் தணிந்த குரலில் என்னவோ பேசினாள். பேராசிரியை எலன் வேகமாக வெளியே வந்தார்.

நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தேன். என் இங்கிலீஷைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்: "என் மகள் தர்ஷினி. நல்ல வேலை. நாலு சனிக்கிழமை அவள் தனியாக. டேவ் வேறு மைதானம். எல்லாம் அவளே. சம்பளம் இல்லை. இது நியாயம் இல்லை."

'தனியாக' என்றதும் அவர் முகம் மாறியது. என் வார்த்தை தைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல். உள்ளே கூட்டிக்கொண்டுபோனார். எந்தெந்தச் சனிக்கிழமை என்று கேட்டார். சொன்னேன். டேவ் எவ்வளவு தூரத்தில் இருப்பார் என்று கேட்டார். "தூரம், தூரம், பார்க்க முடியாது" என்று கையை நீட்டிக் காட்டினேன். அடிபட்ட பையன் கதையையும் சொன்னேன், என் மகள் எப்படிப்பட்ட கெட்டிக்காரி என்று அவர் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. தலையைப் பிடித்ததை என் கையால் செய்தே காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். எழுந்து எனக்குக் கை கொடுத்து, வந்து சொன்னதற்கு நன்றி என்றார்.

வருகிற வழியில் ஒரு முழுக் கோழி வாங்கிக்கொண்டு வந்தேன்.

6

தர்ஷினிக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அப்பா, நீங்க என் டிபார்ட்மென்டுக்குப் போனீங்களா?"

"போனேன். ஒனக்காகத்தான்..."

"நான் தனியா இருந்தேன்னு சொன்னீங்களா?"

"உண்மையத்தானே சொன்னேன்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அந்த விதி என்னவென்று எனக்கு முதல் தடவையாகச் சொன்னாள். மேலே இரண்டு கோடு போட்டிருக்கிறேனே, அந்த விதி. சரசு அடுப்பை அணைத்தாள். "ஏழு பேருக்கும் அடுத்த மழைக்கு என்னா ஆச்சின்னு தெரிஞ்ச மனுசனுக்கு..." என்று ஆரம்பித்தாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த அறை. குடும்பத்தாரும் வரலாம் என்று எலன் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று தர்ஷினி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எலன் கத்தவில்லை. முதலில் டேவிடம் கேட்டார். டேவ் முழங்காலில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் ஆள் போதாது, இரண்டு மைதானத்தையும் நான் ஒருத்தனே பார்க்க வேண்டியிருந்தது என்றார். அவளை நம்பித்தான் விட்டுவிட்டுப் போனேன் என்றும் சொன்னார். நான் வேலை களவாடுகிற ஒரு கங்காணியை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் நரைத்த, களைத்த ஒரு மனுசன்.

பிறகு எலன் என் மகள் பக்கம் திரும்பினார். அந்த நாலு சனிக்கிழமையும் டேவ் உன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாரா? யோசித்துச் சொல் என்றார்.

அவள் வாயைத் திறக்கும் முன் நான் எழுந்துவிட்டேன். நாற்காலி சுவரில் இடித்தது. என்ன இங்கிலீஷ் வந்ததோ அதைக் கொட்டினேன். "மேடம், நான் பொய் சொன்னேன். மிஸ்டர் டேவ் பக்கத்தில். எப்போதும் பக்கத்தில். நான் படிக்காதவன், தப்பாகச் சொன்னேன். மகளுக்கு ஒன்றும் தெரியாது." அதற்கு மேல் வார்த்தை தீர்ந்துபோய், "ஹரி மேடம், ஹரி, சமாவென்ன" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கும்பிட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் அப்பா பொய் சொல்லவில்லை" என்றாள், மெதுவான, சுத்தமான இங்கிலீஷில். "முதலில் சொன்னதுதான் உண்மை. நான் தனியாக இருந்தேன். செய்யக் கூடாது என்று தெரிந்தும் செய்தேன்."

 "உட்காருங்கப்பா" என்றாள் தமிழில். உட்கார்ந்தேன்.

முடிவு இதுதான். அந்தப் பருவத்துப் பயிற்சி முழுதும் செல்லாது. ஃபுட்பால் இலையுதிர் காலத்தில்தான் நடக்கும், அதனால் அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருந்து, மறுபடி பணம் கட்டி, முதலிலிருந்து. அதற்கு மேற்பட்ட படிகளும் அதோடு ஒரு வருடம் தள்ளிப் போகும். டேவிடம் இனி மாணவர்களைப் பழக விடமாட்டார்கள். எலன் கடைசியாக, அந்தப் பையன் நன்றாக இருக்கிறான், அதில் உன் கைகளுக்குப் பங்கு உண்டு, ஆனாலும் விதி விதிதான் என்று சொன்னார். டேவ் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நான் கதவோரத்தில் உட்கார்ந்திருந்ததால் காலை மடக்கி அவருக்கு வழி விட வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

7

கார் நிறுத்துமிடத்தில் காற்று வெட்டியது. சரசு முன்னால் போய் காரில் உட்கார்ந்துகொண்டாள், நாங்கள் பேசட்டும் என்று.

"ஏன்மா அப்படிச் சொன்ன?" என்றேன். "நான் பொய்க்காரனா இருந்துட்டுப் போறேன். எனக்கு என்னா கெட்டுப்போச்சி?"

"நான் நாளைக்கி ஒருத்தன் கழுத்தப் பாத்து, நீ ஆடலாம், ஆடக்கூடாதுன்னு சொல்லணும்பா. பொய் சொல்லி இதுல பாஸ் பண்ணிட்டு அத எப்படிச் சொல்லுவேன்?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

"தோட்டத்து ஆபீஸ் வாசல்ல நீங்க நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ரொட்டியக்கூட நின்னுக்கிட்டே சாப்ட்டீங்க. ஸ்கூல்ல ஒரு கட்டுரை எழுதச் சொன்னப்ப நான் அதத்தான் எழுதுனேன், ஒங்களுக்குத் தெரியாது. ஆனா அது ஒங்க வேலை, ஒங்க பேர். இது என்னோடது. எனக்காக நிக்கிறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. என்னைய ஏன்பா கேக்கல?"

 சொல்ல ஒன்று இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள், அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு போனது பாதிதான் உண்மை. மறுபாதி, அந்த வாசலில் நின்ற முருகேசுவாக இன்னொரு தரம் நின்று பார்க்க வேண்டும் என்கிற ஆசை. துவாய் மடித்து மடித்து அந்த ஆள் எங்கே போனான் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் மைதானத்துக் கதை மட்டும் நின்றுவிட்டது. யார் விழுந்தான், யார் எழுந்தான் என்று எதுவும் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். மறு வருடம் வேறொரு பள்ளிக்கூடத்தில் அந்தப் பருவத்தை மறுபடி செய்தாள். குளிர் நாட்களில் ஜாக்கெட்டை அவளாகவே மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த மே மாதம் படித்து முடித்தாள். பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். உரிமம் வந்தது. இப்போது வேறு ஊரில், காரில் போனால் மூன்று மணி நேரத் தூரத்தில், ஒரு கல்லூரியில் வேலை. அவளோடு படித்தவர்கள் ஒரு வருடம் முந்திப் போய்விட்டார்கள். ஊருக்குப் போன் எடுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடிபட்டவன் காலைப் புடிக்கிற வேலையா?" என்றார். "ஆமாண்ணே," என்றேன், "காலைப் புடிக்கிற வேலைதான். தலையையும் புடிக்கணும்." அந்த அளவுக்காவது திருந்தியிருக்கிறேன்.

மறுபடி செய்த பருவத்துக்கான பணத்தை அவள் பெயரில் கடனாக எடுத்தோம். அதை நான்தான் கட்டுவேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல் சம்பளம் வாங்கியதும் போனில் சொன்னாள், "மிச்சத்த நான் கட்டிர்றேன்பா. எனக்கு இப்ப முடியும்."

"வேணாம்மா" என்றேன். "அது மட்டும் எம் பேர்ல இருக்கட்டும்."

 லைன் போய்விட்டதோ என்று வழக்கம்போலப் பயந்தேன்.

"சரிப்பா" என்றாள். "ஆனா மாசாமாசம் கட்டுனதும் எவ்வளவு மிச்சம்னு எனக்கு போன் பண்ணிச் சொல்லணும்."

அப்படித்தான் நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கட்டிவிட்டு அவளைக் கூப்பிடுவேன். மிச்சத்தைச் சொல்வேன். "ம்" என்பாள். பிறகு சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்பேன். போன மாதம் அவளாகவே, "இன்னைக்கு ஒரு பொண்ணு முழங்கால் திரும்பி விழுந்துட்டாப்பா" என்று ஆரம்பித்தாள். நான் துவாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மடிக்காமல், கடைசி வரை கேட்டேன். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

நேற்று முதல் ஞாயிறு. கட்டிவிட்டேன். இன்னும் இருப்பது இரண்டாயிரத்து நானூற்று அறுபது டாலர்.